பதினோராவது செங்கல் வரிசை

உடையார்பாளையம் பக்கம் எங்கள் முந்திரிக்காட்டில் அகழாய்வுக்காகத் தோண்டிய குழியில் ஒரு செங்கல் சுவர் கிடைத்தது. பதினொரு வரிசை. நானே குனிந்து விரல் வைத்து மூன்று முறை எண்ணினேன். அடியில் இருந்த இரண்டு வரிசையும் கிழக்கு மூலையில் மட்டும்தான் தெரிந்தன.

மழைக்காலம் நெருங்கியதால் மறுநாளே குழியை மூடுவதாக முடிவு. அதற்குள் சுவரை எல்லாப் பக்கமிருந்தும் படமெடுத்து, படங்களைக் கணினியில் கோத்து, திருப்பித் திருப்பிப் பார்க்கும்படி முப்பரிமாண உருவமாக்க வேண்டும். அதற்காக வந்த ஆய்வாளர், என் மகள் வயதுப் பெண். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தில் பாதிக்கு மேல் வர வேண்டும், நடுவில் எதுவும் மாறக்கூடாது என்று சொல்லிக்கொண்டே மேற்கிலிருந்து எடுத்து வந்தார். வானம் மூடிக்கிடந்ததில் அவருக்குச் சந்தோஷம், நிழல் விழாதாம். நானோ மழை வந்துவிடுமோ என்று மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், கிழக்கு மூலையை முடிச்சுட்டு சாப்பிடலாமே."

"அரை மணி நேரந்தாங்க ஐயா. நூத்தி நாப்பது எடுத்துட்டேன்."

"நூத்தி முப்பத்தெட்டு" என்றேன். கேமராவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

திரும்பி வந்தால் சுவரில் மூன்று இடத்தில் மஞ்சள், குங்குமம், மேலே அரளிப்பூ. வெள்ளிக்கிழமை. குழியோரம் கற்பூரத் தட்டோடு என் மனைவி.

"என்ன பண்ணி வச்சிருக்கே?"

"நம்ம மண்ணுலேருந்து எந்திரிச்சு வந்திருக்கு. நாளைக்கு மூடப்போறீங்க. வெறும் நெத்தியோடவா அனுப்புறது?"

"அது சுவரு!"

"எதோட சுவருன்னு அந்தப் பொண்ணுக்கே தெரியலையாம். உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சாக்கும்."

துண்டை நனைத்துத் துடைக்கப் போனேன். ஆய்வாளர் பதறித் தடுத்தார். பழைய செங்கல் மஞ்சளைக் குடித்துவிட்டது. தேய்த்தால் செங்கல்தான் உதிருமாம். காலையில் எடுத்த படங்களோடு இனி எடுப்பது ஒட்டாது. "அப்படியே இருக்கட்டும். முதல்லேருந்து எடுத்துடுறேன்."

"இந்தத் தடவை கிழக்கேருந்து ஆரம்பிங்களேன்."

"அளவு அட்டை மேற்கால இருக்குங்க ஐயா. அங்கேருந்துதான் கோக்கணும்."

எண்ணிக்கொண்டே நின்றேன். நூற்று நான்காவது படத்தில் முதல் துளி விழுந்தது. தார்ப்பாயை விரிப்பதற்குள் கொட்டிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் கிழக்குக் கரை சரிந்து மூலை மண்ணுக்குள் போயிருந்தது. மிச்சத்தை ஆட்கள் மூடினார்கள்.

பிறகு ஒருநாள் சுவர் என் போனுக்கு வந்தது. விரலால் தள்ளினால் சுற்றுகிறது. கிழக்கில் மட்டும் ஒரு கறுப்பு ஓட்டை. எண்ணினேன். ஒன்பது வரிசை.

உடனே அவருக்குப் போன் செய்தேன். "பதினொண்ணும்மா. நான் எண்ணியிருக்கேன்."

"குறிப்புல எழுதிடுறேங்க ஐயா. ஆனா படத்துல எங்கன்னுதான் எல்லாரும் கேப்பாங்க."

என் மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். "குங்குமம் நல்லா விழுந்திருக்கு" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தினமும் சுற்றிப் பார்க்கிறேன். ஒன்பதுதான் வருகிறது. அன்று மூன்று முறையும் பதினொன்றா எண்ணினேன் என்று இப்போது எனக்கே சந்தேகம். போய்ப் பார்த்துவிடலாம் என்றால் அந்த இடத்தில் முந்திரிக்கன்று நட்டாகிவிட்டது.