தென்காசியில் ஒரு கதவின் மேல்

குற்றாலம் போகும் வழியில், தென்காசிப் பழைய சாமான் கடை முற்றத்தில், ஒரு தேக்குக் கதவின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். இடித்த வீட்டுக் கதவு. பித்தளைக் குமிழ்கள் நாற்பத்திரண்டு. இரண்டு முறை எண்ணிவிட்டேன். சாரல் விழுகிறது, நிச்சயம் சளி பிடிக்கும். ஆனால் எழுந்தால் கதவு போய்விடும்.

கடைக்காரர் கடப்பாரையோடு நிற்கிறார்.

“எந்திரிங்க அண்ணாச்சி. ரிசார்ட்காரன் குமிழ மட்டுந்தான் கேக்கான். பலகை அடுப்புக்குப் போவுது.”

“கதவு முழுசா எனக்கு வேணும். மேசை செய்யப் போறேன்.”

“யாரு, நீங்களா? கை இந்த நடுக்கம் நடுங்குது!”

“நடுங்குற கைக்கு உப்புத்தாள் நல்லாத் தேய்க்க வரும்.”

அவர் சிரித்துவிடுகிறார். கடப்பாரையைக் கீழே போடுகிறார்.

“அப்போ ஒரு முனைய நீங்க தூக்குங்க, பாப்பம். வண்டி வரைக்கும் தூக்கிட்டா கதவு உங்களுக்குத்தான்.”

தூக்குகிறேன். சரக்கு ஆட்டோ பதினான்கு எட்டு வைக்கும் தூரத்தில் நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எட்டாக எண்ணுகிறேன். ஒன்பதாவது எட்டில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, “கொஞ்சம் இறக்கி வைப்பமா அண்ணாச்சி?” என்கிறார்.

“உங்களுக்கு முடியலைன்னா வைங்க” என்கிறேன்.