ஆர்தருக்குப் பின்னால் பெர்சி

நேற்று கோட்-டெ-நெய்ஜ் மெட்ரோ வாசலில் கார்டரி என்னும் காப்பகத்துப் பிள்ளைகள் வரிசையாகத் தெருவைக் கடந்தார்கள். நீளக் கயிறு ஒன்று, அதில் ஆளுக்கொரு வளையம். ஒரு வாண்டு மட்டும் வளையத்தை விட்டுவிட்டுப் புறா பார்த்துக்கொண்டு நின்றது. "லா கோர்ட்!" என்று டீச்சர் அதட்டினாள். கயிற்றைப் பிடிக்கச் சொல்கிறாள். எனக்குப் பெர்சியின் நினைவு வந்தது.

நான் முதன்முதல் வேலை பார்த்த முதியோர் இல்லம் இந்தத் தெருவில்தான் இருந்தது. உள்ளே நுழைந்தாலே அவித்த முட்டைக்கோவா மணமும் பினாயில் மணமும். வந்த புதிதில் எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, பனியில் நடக்கவும் தெரியாது. விமானச் சத்தம் கேட்டால் மட்டும் அழகாகக் குனிவேன். ஊரில் ஆட்களை ஏற்றும் விமானத்திலிருந்தே குண்டை உருட்டிவிட்டார்கள். சகடை என்போம் அதை. அதனால் விமானிகளின் வீரம் என்று யாராவது தொடங்கினால் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட எனக்கு இரண்டு விமானிகளைக் கட்டி மேய்க்கிற வேலை கிடைத்தது.

ஆர்தரும் பெர்சியும் உலகப்போரில் பறந்துவிட்டு இங்கிலாந்திலிருந்து இங்கே குடிவந்தவர்கள். ஆர்தர் ஓட்டியது இழுவை விமானம். படையாட்கள் நிறைந்த கிளைடரை அதன் வாலில் கயிறு கட்டி இழுத்துப் போவார்கள். கிளைடருக்கு இயந்திரமே கிடையாது. கயிறு கழன்றால் இறங்க வேண்டியதுதான், திரும்பி ஏற வழியில்லை. இறங்கியபின் அதன் விமானியும் துவக்கோடு சண்டைக்குப் போக வேண்டும். இழுப்பவனோ, கீழிருந்து சுடுகிறார்களே என்று நெளிந்து வளைந்து தப்ப முடியாது. பின்னால் அத்தனை உயிர் தொங்குகிறது. இதைக் கேட்டபோது சகடையை மறந்து வாய்பிளந்தேன் என்பதும் உண்மை.

பெர்சி கிளைடர் விமானி. அவரை இழுத்துப் போனவன், கடலுக்கு மேல் சூடு தொடங்கியதும் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவிட்டான். பெர்சி நீந்திக் கரை சேர்ந்தார், உள்ளே இருந்தவர்கள் மூழ்கினார்கள். ஆனால் அந்த ஓடுகாலி ஆர்தர் அல்ல. பக்கத்தில் வழிகாட்டி செத்துக் கிடக்க, இறங்கவேண்டிய வயல் வரைக்கும் தன் கிளைடரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஆர்தர்.

இல்லத்தில் எப்போதும் ஆள் பற்றாக்குறை. ஆர்தரின் சக்கர நாற்காலிக்குப் பின்னால் பெர்சியின் நாற்காலியைப் பழைய ஹவுஸ்கோட் பட்டியால் கட்டி, இரண்டையும் ஒன்றாகச் சாப்பாட்டறைக்குக் கொண்டுபோவேன். நடுவழியில் பெர்சி முடிச்சை அவிழ்த்துவிட்டுக் கத்துவார். அவர்கள் பேசியது ஆங்கிலம். எனக்கு நினைவிருப்பது எங்கள் தமிழில்.

"பாருங்கோ, விட்டிட்டுப் போறான்! இந்த இழுவைக்காரங்கள் எல்லாம் விடியச் சாப்பாட்டுக்கு வீட்டை போனவங்கள்!"

இருபக்கமும் இருந்தவர்கள் சிரிப்பார்கள். ஆர்தரின் காது சிவந்துவிடும். "நான் விடேல்லை எண்டு அவன் ஒருக்காச் சொன்னால் போதும், தம்பி" என்பார் என்னிடம்.

"அந்த மனிசனுக்கு நெஞ்சிலை ஈரமே இல்லை. வேறை ஆரோடையும் கட்டு" என்றார் சமையலறை ஜெசிந்தா அக்கா. கட்டிப் பார்த்தேன். பெர்சி சாப்பிட மறுத்தார். ஆர்தரும் பெர்சி எங்கே என்றுதான் கேட்டார்.

ஆர்தர் படுக்கையில் விழுந்தபின், ஒரு மத்தியானம் சாப்பாட்டறைக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தார். "இண்டைக்கு இறுக்கிக் கட்டு" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். பெர்சி வழியெல்லாம் நகத்தால் நோண்டினார், அவிழவில்லை. ஆர்தரின் முகத்தில் சிரிப்பு வந்தது. சாப்பாட்டறை வாசலில் பெர்சி, காலையில் ஒளித்து வைத்த பல்லுவைத்த ரொட்டிக் கத்தியை மடியிலிருந்து எடுத்துப் பட்டியை அறுத்தார்.

"இஞ்சைதான் விட்டவன்!"

உள்ளே கைதட்டினார்கள். ஆர்தர் சூப்பைத் தொடவே இல்லை.

அந்தக் கிழமையே அவர் போய்விட்டார். நான் சொல்லப் போனபோது, பெர்சி அறுந்த துண்டை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவன் கடைசிமட்டும் விடேல்லை. எனக்கு எப்பவும் தெரியும்."

நான் குரலை உயர்த்தினேன். "அதை அவரிட்டைச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் பேந்து நான் ஆரோடை கொழுவிச் சண்டை பிடிக்கிறது?"

அன்று ஆர்தரின் பங்குப் புடிங்கையும் அவரே சாப்பிட்டார்.

பிறகு பெர்சியும் போனார். இல்லத்தை இடித்துக் கண்ணாடி மாடி கட்டிவிட்டார்கள். நேற்று அந்த வாண்டு கடைசியில் ஓடிப்போய் வளையத்தைப் பிடித்துக்கொண்டது. ஆர்தர் விடவில்லை என்று பெர்சியின் வாயால் கேட்டவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். கேட்க வேண்டியவர் கேட்காமலே போனார்.