பிள்ளையார் முறைப்பாடு கொடுக்கவில்லை

தேருக்கு முன்னால் உடைக்கவென்று வைத்த தேங்காய், உடைக்கும் வரைக்கும் யாருடையது? எனக்கு இன்றுவரை விடை தெரியாது.

பாரிஸ் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நான் போன முதல் நாளே இந்தச் சிக்கல் வந்தது. மகளையும் அன்றுதான் முதல்முறை கிரெஷ் என்ற குழந்தைகள் காப்பகத்தில் விட்டிருந்தேன். அழுகிறாளோ என்ற யோசனையோடே, கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று சத்தியம் செய்தேன்.

கூண்டில் நின்றவர் தவம் அண்ணை. வன்னியிலிருந்து வந்தவர். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அங்குள்ள பிள்ளையார் கோயில் தேர்த் திருவிழாவன்று காலை ஒரு பலசரக்குக் கடை முதலாளி தேருக்கு முன் உடைக்கும் நேர்த்திக்காக வாசலில் தேங்காய் மூட்டைகளை அடுக்கியிருந்தார். அதில் ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு மெட்ரோ வாசல் வரை போன தவம் அண்ணையைப் பொலிஸ் பிடித்தது.

ஏன் எடுத்தீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"தேர் போனாப்பிறகு எல்லாரும் றோட்டிலை கிடக்கிறதைப் பொறுக்கினம். நான் கொஞ்சம் முந்திப் பொறுக்கினனான்."

அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். காசு கொடுத்து வாங்கிய தேங்காயை ஏன் வீதியில் உடைக்கிறார்கள் என்று நீதிபதி என்னைப் பார்த்துக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொந்த விளக்கம் தரக்கூடாது. கேள்வியை மட்டும் தமிழில் சொன்னேன். சாட்சிக்கு வந்த முதலாளியோ, நேர்ந்த நிமிடமே அவை பிள்ளையாருடையவை ஆகிவிட்டன, எனக்கு வழக்கு வேண்டாம், மூட்டையைத் தந்தால் போதும் என்றார்.

"அப்ப பிள்ளையாரெல்லோ முறைப்பாடு குடுக்கவேணும்? அவர் குடுத்தவரோ?" என்றார் தவம் அண்ணை.

அதையும் சொன்னேன். திரு. பிள்ளையாருக்கு அழைப்பாணை போனதா என்று நீதிபதி எழுத்தரிடம் விசாரித்தார். போகவில்லை.

தீர்ப்பு வந்தது: சிறை, அதன்பிறகு பிரான்சுக்குள் வரத் தடை. சிறை முடிந்ததும் இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில் இருத்தி, தவம் அண்ணையைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். தேங்காய்கள் மட்டும் சான்றுப் பொருளாக, முத்திரை குத்திப் பாரிசிலேயே இருந்தன.

போன கிழமை முதலாளி, நீதிமன்றம் திருப்பிக் கொடுத்த அந்த மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பொலிசிட்டைப் போய் வந்த தேங்காய் நேர்த்திக்கு ஆகாது, பிள்ளை. இதைப் பற்றிக் கதைச்சது நீங்கள்தானே. நீங்களே வைச்சிருங்கோ."

பிறகு தவம் அண்ணைக்குப் போன் எடுத்து என் கையில் தந்தார். முதலாளியே அவருக்கு அடிக்கடி எடுத்துக் கதைக்கிறவராம்.

"தங்கச்சி, அதிலை ஒண்டை என்ரை பேரிலை உடைச்சுவிடுங்கோ. நான் திரும்பி வரோணும்."

சொன்னதை மட்டும் சொன்னால் என் பொறுப்பு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். பொறுப்பு மூட்டையாகவும் வீட்டுக்கு வரும் என்பதை இந்த வேலைதான் படிப்பித்தது. கணவர் சம்பல் அரைக்கச் சொல்கிறார். களவுப் பொருளைப் பிள்ளைக்குச் சோற்றோடு தீத்தலாமா? நீதிமன்றம் தடை போட்ட ஒருவர் திரும்பி வருவதற்கு, அதே நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் தேங்காய் உடைக்கலாமா?

மூட்டை பாரிசுக்குப் பக்கத்து ஊரான கார்ஜில் எங்கள் பால்கனியில் இருக்கிறது. குலுக்கினால் இன்னும் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அது வற்றுவதற்குள், விஷயம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.