வெள்ளி தானாப் போகும்

யோசப்பினுக்குக் கையுறை என்றால் ஆகாது. “உறை போட்டுத் துடைச்சால் அழுக்குப் போனதோ இல்லையோ எண்டு கைக்கு எப்பிடித் தெரியும்?” என்பது அவளுடைய கட்சி. மன்னாரிலிருந்து இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த ஐந்து வருஷத்தில் எத்தனையோ வீட்டுக்காரச் சின்யோராக்கள் பெட்டி பெட்டியாகக் கையுறை வாங்கிக் கொடுத்தும் அந்தக் கட்சியிலிருந்து அவள் இறங்கவில்லை. அதற்கு அவள் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

வருஷம் 2005, மே மாதம். வுச்சீரியா சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு, பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றைத் துப்புரவாக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பதினொரு வயது மகள் மரியா ஊரில் பெரியம்மா வீட்டில். அவளைக் கூப்பிட வேண்டுமானால் முதலில் யோசப்பினின் பெர்மெசோ, அதாவது இத்தாலியில் தங்கும் அனுமதி, புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்குக் கெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் பத்து விரல் அடையாளமும் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு நேரம் கிடைத்திருந்தது. தவறவிட்டால் அடுத்த நேரம் எந்த மாதத்தில் கிடைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை ஆய்வுக்கூட மேசையில் கொஞ்சம் தண்ணீர் சிந்திக் கிடந்தது. பார்வைக்குப் பச்சைத் தண்ணீர்தான். யோசப்பின் வெறுங்கையாலேயே துணியைப் பிடித்துத் துடைத்தாள். கையை உடுப்பில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் மாடியில் வெயிலில் உடுப்புக் காயப்போடும்போதுதான் பார்த்தாள். வலக்கைப் பெருவிரலும் பக்கத்து மூன்று விரல்களும் நுனியில் கரி பிடித்தமாதிரிக் கறுத்திருந்தன. சவர்க்காரம் போட்டாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள், உப்புப் போட்டு உரஞ்சினாள். தோல் சிவந்ததே ஒழியக் கறுப்பு அசையவில்லை.

பக்கத்து அறை அருள்நாயகி வந்து பார்த்தாள். கெட்ட செய்தி எதுவென்றாலும் அவளுக்கு நாக்கு நுனியிலேயே இருக்கும்.

“உதோடை கெஸ்தூராவுக்குப் போகாதை,” என்றாள். “கைரேகை பிடிபடக்கூடாதெண்டு சில பேர் விரலிலை அசிட் பூசுறவங்களாம். உன்னையும் அப்பிடித்தான் நினைப்பாங்கள்.”

யோசப்பின் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கள்ளி என்று எழுதிவிட்டால் மரியாவின் கதை என்ன ஆவது? உடனே சுபத்ராவுக்கு டெலிபோன் எடுத்தாள். சுபத்ரா அந்த ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்யும் திருச்சிப் பெண். அவள் அப்போது பொலிதேயாமாப் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள், ஒரே இரைச்சல்.

“பிள்ளை, உங்கடை மேசையைத் துடைச்சனான். விரலெல்லாம் கறுத்துப் போச்சு.”

“பயப்படாதீங்கக்கா, அது வெள்ளி தானா போயிடும்,” என்று கேட்டது. அத்தோடு லைன் அறுந்தது.

யோசப்பினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படித்த பிள்ளை நாளையும் குறித்துச் சொல்லிவிட்டாள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. கெஸ்தூராவுக்குப் போகிற நாளுக்குச் சரியாகப் போய்விடும். புதனும் வியாழனும் விரலை அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. அருள்நாயகியிடம் சிரித்துக்கூடக் கதைத்தாள்.

வெள்ளி விடிந்தது. விரல்களைப் பார்த்தாள். முன்னையை விடக் கறுப்பு. முகம்கூடச் சரியாகக் கழுவாமல் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள்.

எட்டு மணிக்கே சுபத்ரா வந்திருந்தது அவளுடைய அதிர்ஷ்டம்.

“வெள்ளி போகும் எண்டியள், போகேல்லையே பிள்ளை. பத்து மணிக்குக் கைரேகை,” என்று கையை நீட்டினாள்.

சுபத்ரா கையை வாங்கிப் பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ அக்கா, நான் கிழமையைச் சொல்லலை. கொலுசு செய்யற வெள்ளி. உங்க விரல்ல இருக்கிறது அதுதான்.”

அவள் ஒரு குடுவையைக் காட்டினாள். முற்றத்து எலுமிச்சை மரத்தின் இலையை அவித்த தண்ணீரில் வெள்ளி உப்புக் கரைசலை விட்டாளாம். இலைச் சாறு அதைக் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகளாக மாற்றிவிடுமாம். அதனால்தான் குடுவைத் தண்ணீருக்குத் தேயிலைச் சாயம்போல நிறம். கிருமியைக் கொல்லும், தீப்புண்ணுக்குக் கட்டும் துணியில் போடலாம், வேறு நச்சு மருந்து கலக்கத் தேவையில்லை என்றெல்லாம் சொன்னாள்.

“இதுல இலை செஞ்ச வேலையை உங்க கையில தோலும் வெயிலும் சேர்ந்து செஞ்சிருக்கு. பழைய தோல் உரியறப்போ இதுவும் போயிடும், ரெண்டு வாரம் ஆகும். நான்தான் அந்த உப்புக் கரைசல் சிந்தினதைத் துடைக்காம விட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க.” உருப்பெருக்கிக் கண்ணாடியை அவள் விரலுக்கு மேல் பிடித்தாள். “கோடெல்லாம் அப்படியே இருக்கு பாருங்க. நிறம்தான் வேற.”

பாதிதான் விளங்கியது. ஆனால் கோடு இருந்ததை யோசப்பின் தன் கண்ணாலேயே கண்டாள். சுபத்ரா இத்தாலிய மொழியில் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தாள். அதைச் செபமாலையோடு கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கெஸ்தூராவில் முறை வந்ததும் கடிதத்தை நீட்டினாள். பொலிஸ்காரர் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு இரண்டு கையையும் பிடித்து விரல் விரலாக மைத் தட்டில் உருட்டினார். பத்து விரலும் கன்னங்கரேலென்று ஆகின. காகிதத்தில் ஒவ்வொரு கோடும் பளிச்சென்று விழுந்தது. “நல்லது,” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான்.

வெளியே நடைக்கூடத்தில் ஒரு கானாக்காரரும், குழந்தையோடு ஒரு மொரோக்கோப் பெண்ணும், இன்னும் பத்துப் பேரும் கடதாசியால் விரலைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் கை கறுப்பு. வீட்டிலிருந்தே தயாராகி வந்தது இவள் மட்டும்தான். அந்த நினைப்பில் யோசப்பினுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மொரோக்கோப் பெண் ஒரு கடதாசியை நீட்டினாள்.

மை அன்றைக்கே கழன்றது. வெள்ளி இரண்டு வாரம் இருந்துதான் போனது. பெர்மெசோவும் வந்தது. கையுறை போடத் தொடங்கினாள், ஆய்வுக்கூடத்தில் மட்டும். அடுத்த வருஷம் தவக்காலத்தில் ஒருநாள் சுபத்ராவின் மேசையருகே வந்து நின்றாள்.

“பிள்ளை, வெள்ளி வருது.”

சுபத்ரா குடுவையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “எந்த வெள்ளி, அக்கா?”

“கிழமை,” என்றாள் யோசப்பின். “மகள் வாறா.”