நகத்தால் பார்த்து வாங்கிய நான்கு டயர்கள்

டயரைப் பற்றி எழுதும் அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. பள்ளி முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் விழுந்து, அதோடு தோட்டத்து ரப்பர் பேக்டரிக்கு வேலைக்குப் போனவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சம். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான் துணிந்தேன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தெரியாத விஷயத்தில் தெரிந்தவன் போல் நின்றுவிட்டேன் ஒருமுறை. அதை எழுதவாவது எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

கஹவத்தைப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்குப் புகை வீட்டில் வேலை. ரப்பர் பாலை உறையவைத்து, மெஷினில் தகடாக உருட்டி, புகை வீட்டில் வரிசையாகத் தொங்கவிடுவோம். கீழே விறகு எரியும். சில நாட்களில் தகடு தேன் நிறத்துக்கு வந்துவிடும். அதை இறக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்துத் தரம் பிரிப்பேன். நகம் இறங்க வேண்டும், எடுத்ததும் தடம் மெல்ல மறைய வேண்டும். அப்படியானால் நல்ல தகடு. வேறு படிப்பு எனக்கு இல்லை.

அந்த வருடம் என் மனைவியின் அண்ணன் ஒரு பழைய வேன் வாங்கினார். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகள் பதினோரு பேரை டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவது அவர் திட்டம். ஏழாம் வகுப்பில் படித்த என் மகளும் அதில் ஒருத்தி. வேனோடு வந்த டயர்கள் நான்கும் மொட்டை. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் மாற்றியாக வேண்டும்.

"நீயும் வா மாப்ள" என்றார் மச்சான். "ரப்பர்லயே பொறந்து ரப்பர்லயே கெடக்குறவன் நீ. உன்னைய விட டயரு யாருக்குத் தெரியும்?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. நான் சிரித்தேன். மறுக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது என் பழக்கம்.

இரத்தினபுரியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை. ஜப்பானில் ஓடிக் கழித்த டயர்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. உள்ளே காலை வைத்ததுமே மச்சான் ஆரம்பித்துவிட்டார்.

"முதலாளி, இவரு யாரு தெரியுமா? ஸ்மோக் ஹவுஸ்ல தரம் பிரிக்கிறவரு. இவருகிட்ட ஒண்ணும் ஏமாத்த முடியாது."

"அப்ப நான் கதைக்க என்ன ஈக்கி? நீங்களே பாத்து எடுங்க தம்பி" என்று சிரித்தார் முதலாளி. இருந்தாலும் மரியாதைக்கு ஒரு டயரை உருட்டி வந்து காட்டினார். நேர்க்கோடுகள் ஓடிய சாதாரண டயர். "இது தார் ரோட்டுக்கும் நல்லம், மழைக்கும் நல்லம். ஒங்கட ஓட்டம் ஸ்பீடா, மெதுவா?"

"நம்மள எந்த பஸ்ஸும் முந்தினதில்ல" என்றார் மச்சான்.

"அப்ப இதுதான்."

நான் நகத்தால் அழுத்தினேன். இறங்கவில்லை. வெயிலில் காய்ந்த செருப்பை அழுத்துவது போல் இருந்தது. எங்கள் புகை வீட்டில் அப்படி ஒரு தகடு இருந்தால் கடைசி அடுக்குக்குத்தான் போகும். மூலையில் வேறு நான்கு டயர்கள் கன்னங்கரேலென்று சாய்ந்திருந்தன. ஆழமான பற்கள், ஒவ்வொரு பல்லிலும் சீப்பால் வாரியது போல் மெல்லிய வெட்டுகள். அதில் நகத்தை வைத்தேன். இறங்கியது. எடுத்தேன். தடம் மெல்ல மறைந்தது.

"இது" என்றேன்.

முதலாளி தாடியைத் தடவினார். "புதுசு மாதிரித்தான் ஈக்கி. ஆனா ரொம்ப மெத்தெண்டு ஈக்கி தம்பி. போன கிழமை வந்த சாமான். இன்னும் யாருக்கும் போட்டுப் பாக்கல்ல."

"மெத்துனு இருந்தாத்தானே ரோட்டப் புடிக்கும்" என்று மச்சான் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லோரிடமும் மச்சான் சொல்லிவிட்டார். என் மாப்ள நகத்தை வச்சான், முதலாளிக்கே பேச்சு வரல்ல என்று. மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரியின் மருந்து ஐயா தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து டயரைப் பார்க்கச் சொன்னார். அதையும் அழுத்திப் பார்த்து "நல்லம் ஐயா" என்றேன். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

"பஞ்சு மாதிரி போகுது மாப்ள" என்று மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை அவரோடு டவுனுக்குப் போனேன். காலை முழுவதும் நல்ல வெயில். பிறகு ஒரு சிறு மழை. பாலத்து வளைவில் எதிரே பஸ் வந்தது. மச்சான் எப்போதும் கடைசி நேரத்தில்தான் பிரேக்கை மிதிப்பார். அன்றும் அப்படித்தான் மிதித்தார். வேன் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், பாலத்துச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"ரோட்டுல எவனோ எண்ணெய ஊத்தியிருக்கான்" என்றார்.

டவுனில் இறங்கியதும் டயரைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. பற்களின் ஓரத்தில் அழிறப்பரால் அழித்தால் உதிருமே, அதைப் போன்ற கறுப்புத் துகள்கள் ஒட்டியிருந்தன. விரலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு சில்லு பஞ்சரானது. மச்சான் ஸ்பேரைப் போட்டுக்கொண்டு ஓடினார். செவ்வாய்க்கிழமை எனக்கு அரை நாள் வேலை என்பதால் பஞ்சரான சில்லை பஸ்ஸில் போட்டு நான்தான் கொண்டுபோனேன். பஞ்சர் கடைக்காரர் ஒரு சிங்களவர், ஜப்பானில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு வந்தவர். டயரில் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"மல்லி, மே ஐஸ் டயர் நே!"

தம்பி, இது ஐஸ் டயர் அல்லவா என்கிறார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். பனி விழும் தெருவுக்குச் செய்தது இது. குளிரில் ரப்பர் இறுகிப்போகக் கூடாது என்று வேண்டுமென்றே இவ்வளவு மெத்தென்று செய்வார்களாம். அந்தச் சீப்பு வெட்டுகள் ஐஸைக் கவ்வுவதற்காம். நம் வெயிலில் ரப்பர் இன்னும் இளகும், பற்கள் தாரைப் பிடிக்காமல் தாங்களே நெளியும், மழையில் பிரேக் போட்டால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்கும் என்றார். வண்டி ஓட்டுபவர் எப்படி, மெதுவாகப் போவாரா என்று கேட்டார். இல்லை என்றேன். பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி என்றும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"மேவா அபே ரட்டட்ட நெவெய்" என்றார். இவை நம் நாட்டுக்கானவை அல்ல. டயர் நல்ல டயர்தான் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அன்று மாலையே மச்சானிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒட்டிய சில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "என்னா சொன்னான் பஞ்சர் கட பாஸ்? டயரப் பாத்து அசந்திருப்பானே?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

எட்டு நாள் அப்படியே போனது. மனைவியிடமும் சொல்லவில்லை, அவர் அவளுடைய அண்ணன் அல்லவா. மகளிடம் மட்டும், "வேன்ல முன்னுக்கு உக்காராத, நடுவுல உக்காரு" என்றேன். "மாமா என்னைய முன்னுக்குத்தான் ஏத்துவாரு" என்றாள் அவள்.

காலையில் வேன் பேக்டரிக்குக் கீழே போகும். கோயில் வளைவில் ஒரு ஹார்ன், பாலத்து வளைவில் இன்னொரு ஹார்ன். இரண்டுக்கும் நடுவே நான் எண்ணிக்கொண்டு நிற்பேன். அறுபதுக்குள் இரண்டாவது ஹார்ன் கேட்டுவிடும். ஒரு நாள் நூறைத் தாண்டியும் கேட்கவில்லை. கையிலிருந்த தகட்டை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். பிறகு கேட்டது. மாடு ஏதோ குறுக்கே வந்ததாம். அன்று பேக்டரி ஐயா என்னைக் கூப்பிட்டார். "என்னாப்பா, மொத தரத்துல பூஞ்சணம் புடிச்சதெல்லாம் கெடக்கு? கண்ண வீட்டுலயா வச்சிட்டு வந்த?"

எட்டாம் நாள், புதன்கிழமை, விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. லயத்துக்கு முன்னால் வேன் வந்து நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். என் மகள் ஏறப் போனாள். அவள் கையை நான் விடவில்லை.

"என்ன மாப்ள, புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புறியா, கட்டிக்குடுத்து அனுப்புறியா?" என்றார் மச்சான். உள்ளே பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இன்னிக்கு அவ வரல மச்சான்."

"ஏன், காச்சலா?"

"இல்ல மாமா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் மகள்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி தன் சின்னவனைத் தூக்கி, என் மகள் உட்காரும் முன் சீட்டில் வைத்தாள். "அக்கா வரலயாம், நீ உக்காரு ராசா" என்றாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"எல்லாரையும் எறக்குங்க மச்சான்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "இந்த டயரு பனி பெய்யிற நாட்டு டயரு. மழையில நிக்காது. பஞ்சர் கட பாஸ் சொன்னாரு. நான்தான் தெரியாம எடுத்துக் குடுத்தேன்."

"எப்ப சொன்னான்?"

"போன வாரம் செவ்வாக்கெழம."

பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். "எட்டு நாளா தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா எங்க புள்ளைங்கள ஏத்தி வுட்டிங்க? இன்னிக்கு ஒங்க புள்ளைய மட்டும் புடிச்சிக்கிட்டு நின்னிங்களே!"

பால் வெட்டு இல்லாத மழை நாள் என்பதால் எல்லோரும் வாசலில்தான் நின்றார்கள். எல்லோரும் கேட்டார்கள். பாலத்தில் வேன் வழுக்கிய சனிக்கிழமையையும் நானே சொன்னேன். மச்சான் எஞ்சினை நிறுத்தினார். கதவைத் திறந்து பிள்ளைகளை இறங்கச் சொன்னார். கடைசியில் என் பக்கம் திரும்பி, என் கையைப் பார்த்தார்.

"மொதல்ல அந்த நகத்த வெட்டிப் போடு மாப்ள" என்றார்.

பிள்ளைகள் சாக்கையும் குடையையும் போர்த்திக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்தார்கள். என் மகளும் அவர்களோடு போனாள்.

மறுநாள் மழை இல்லை. வேன் நான்கு சில்லும் கழற்றப்பட்டுக் கல் மேல் நின்றது. மச்சான் டயர்களை லொறியில் போட்டுக்கொண்டு இரத்தினபுரிக்குப் போனார், என்னைக் கூப்பிடவில்லை. பதினோரு பிள்ளைகளும் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனார்கள். நான் வேலைக்குப் போனேன்.