வேர்வையார் பாஸ் செய்த கோட்டுகள்

"என் கை பட்ட கோட்டு கேட்டைத் தாண்டிப் போச்சுன்னா போனதுதான். திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது!"

ராணுவ உடைக் கிடங்கின் தரப் பரிசோதகர் இப்படி முழங்கிய இடம் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கன்னம் வீங்கிய இருவர். மறுத்துப் பேசும் நிலையில் அவர்கள் இல்லாததால் விவாதத்தில் இவரே வென்றார்.

சொன்னது பொய்யும் அல்ல. மலை உச்சிக் காவல் முகாமுக்குப் போன குளிர்கோட்டு எதுவும் இன்றுவரை திரும்பியதில்லை. திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் அதைப் போட்டிருக்கும் சிப்பாய் முதலில் கழற்ற வேண்டும். கழற்றினால் மாற்றுக்கோட்டு வேண்டும். பழையது வந்து சேர்ந்த பிறகுதான் மாற்று புறப்படும். விதி அப்படி. எனவே கோட்டுகளும் திரும்பவில்லை, அவர் புகழும் குறையவில்லை.

கிடங்கில் அவரை வேர்வையார் என்றே அழைத்தார்கள். சும்மா வந்த பட்டம் அல்ல; பாடுபட்டு, அதாவது உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, சம்பாதித்தது. வேலைக்கான நேர்காணலில் கேட்ட கேள்வி எதற்கும் அவருக்கு விடை தெரியவில்லை. ஆனால் சட்டை காலரிலிருந்து பாதம்வரை வேர்த்துக் கொட்டியது. தேர்வுக் குழுவின் தலைவர் மற்ற இருவரையும் அர்த்தத்தோடு பார்த்தார்.

"பதில் வராட்டி போகுது. வேர்வை என்னமா வருது பாருங்க! இப்படி ஒரு ஆளைத்தானே தேடிக்கிட்டு இருக்கோம்?"

தேடியதற்குக் காரணம் இருந்தது. கிடங்கு இருந்தது சமவெளியில், வருடம் முழுக்க வெயில் காய்கிற ஊரில். குளிர்கோட்டைச் சோதிக்கக் குளிர் வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்துவிட்டுப் போக, குளிர் சோதனை அறை ஒன்றை வாங்க முடிவாயிற்று. அறைக்கு ஒரு டெண்டர், அதைக் குளிர்விக்கும் இயந்திரத்துக்கு வேறொரு டெண்டர். அறை வந்துவிட்டது. கனத்த சுவர், காற்றுப் புகாத கதவு, ஜன்னல் என்ற பேச்சே இல்லை. இயந்திரம் வரவில்லை. அது இப்போதும் வந்துகொண்டே இருக்கிறது.

வாசலில் 'குளிர் சோதனை அறை' என்று பலகை மாட்டினார்கள். உள்ளே, ஊரிலேயே ஆகப் புழுக்கமான இடம் அதுதான். இருப்பதை வைத்துக் காரியம் பார்ப்பதுதானே நிர்வாகம்? பரிசோதகர் கோட்டை அணிந்து அறைக்குள் உட்கார வேண்டும். உதவியாளர் அவ்வப்போது காலருக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் கோட்டு கதகதப்பானது, பாஸ். சட்டையே இல்லாமல் உட்கார்ந்தாலும் அங்கே வேர்க்கும் என்பதைச் சுட்டிக்காட்டும் பொறுப்பு எந்தப் பிரிவுக்கும் ஒதுக்கப்படவில்லை.

வேர்வையார் அந்த அறையில் வளர்ந்தார். கையுறையில் தொடங்கி, காலுறைக்கு உயர்ந்து, கடைசியில் கோட்டுக்கு வந்து சேர்ந்தார். அவரைப் போல மனம் ஒன்றி வேர்க்க இன்னொருவரால் ஆகாது என்பதைக் கிடங்கு முழுதும் ஒப்புக்கொண்டது.

பிறகு ஒரு சீர்திருத்தம் வந்தது. எது சீக்கிரம் வேர்க்க வைக்கிறதோ அதுவே முதல் வகுப்பு என்று மேலிடம் அறிவித்தது. கோட்டு தைத்துத் தரும் கம்பெனிக்காரர்களுக்கு மூளை இல்லையா என்ன? போன வருடம் உள்துணிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை அரைகுறையாகச் செருகிப் பார்த்தார்கள்; இந்த வருடம் உள்ளே திணிக்கும் கம்பளியைப் பாதியாக்கிவிட்டு, தாளை முழுதாக விரித்துத் தைத்தார்கள். அந்தப் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்ட அன்று வேர்வையாருக்கு அறைக்குப் போகும் வழியிலேயே ஊற்றெடுத்துவிட்டது.

"சார், பட்டன் போடறதுக்குள்ள ஆயிடுச்சு!" என்று உதவியாளர் நனைந்த கையோடு ஓடிப்போய்க் கிடங்குத் தலைவரிடம் காட்டினார். தலைவர் அந்தக் கையைக் குலுக்கினார். குலுக்கிய பிறகு துடைத்துக்கொண்டார்.

பழைய தடித்த கம்பளிக் கோட்டுகள் வேர்வையைத் தாங்களே குடித்துவிடும் ரகம். உதவியாளர் எத்தனை முறை கைவிட்டாலும் உலர்ந்தே இருக்கும். அவற்றுக்கு 'மந்த வகை' என்று பெயரிட்டு, மூன்றாம் வகுப்பில் தேற்றி, கிடங்கின் பின்கோடியில் அடுக்கிவிட்டார்கள். புதுக் கோட்டுகள் லாரி லாரியாக வாங்கப்பட்டன. பனி விழுந்து மலைப்பாதை மூடுவதற்குள் அவை புறப்பட வேண்டும். திங்கட்கிழமை வழியனுப்பு விழா. அதே மேடையில், ஒரு சரக்குகூடத் திரும்பாத பெருமைக்காக வேர்வையாருக்குச் சான்றிதழ்.

வீட்டில் வேர்வையாரின் மதிப்பு கொஞ்சம் குறைவு. அவர் மனைவி மீன் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். காலையில் ஒருவர் வேர்க்கக் கிளம்புவார், மற்றவர் உறையக் கிளம்புவார். மாலையில் இருவரும் சந்திக்கும் இடம் மின்விசிறியின் சுவிட்ச். இவர் போடுவார், அவர் அணைப்பார். நல்ல தாம்பத்தியம்.

அந்த வாரம் மனைவியின் தம்பி விடுமுறையில் வந்திருந்தான். மலை முகாமில் சிப்பாய். திங்கட்கிழமை போகும் அதே லாரியில் அவனும் திரும்புவதாக ஏற்பாடு. வேர்வையார் சனிக்கிழமை மாலை ஒரு புதுக் கோட்டைக் கையோடு கொண்டுவந்து, சீர்வரிசை நீட்டுவதுபோல் நீட்டினார்.

"போட்டுப் பாரு மாப்ளே. உங்களுக்குன்னே செஞ்சது."

மச்சினன் போட்டான். கையைத் தூக்கினான், இறக்கினான். "என்ன மாமா, சரசரங்குது?"

"அதான் புதுசு."

"கடையில துணி போட்டுக் குடுப்பானே பை, அந்தச் சத்தம் மாமா இது."

"சத்தத்தை விடு. வேர்க்குதா இல்லியா?"

"ஊத்துது."

"அப்புறம் என்ன?" வேர்வையார் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டார்.

மச்சினன் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "மாமா, எங்க வேர்க்கக் கூடாதோ அங்க வேர்க்க வெக்குது இது. மேல வந்து வேர்வை வெளிய போகலைன்னா உள்ளேயே உறைஞ்சிடும். முதுகுல கண்ணாடியை வெச்சுத் தைச்ச மாதிரி நிக்கும். போன தடவை வந்ததே, அதுவே பாதி இப்படித்தான். எங்க சமையல்காரருக்கு விரலெல்லாம் மரத்துப் போய்க் கரண்டியே பிடிக்க முடியலை. பனி முடியற வரைக்கும் நாங்க சமைச்சதை நாங்களே சாப்பிட்டோம். எதிரிகூட எங்களை அப்படிப் படுத்தினதில்லை."

"நல்லவேளை, விரல் பொழைச்சுதா?" என்றாள் அக்கா.

"பொழைச்சுது. பக்கத்து முகாம்ல ஒருத்தனுக்குப் பொழைக்கலை." அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், அந்த ஒரு வார்த்தையில் மட்டும் சிரிப்பு இல்லை.

வேர்வையார் மேல் காலைக் கீழே இறக்கினார். "அப்போ குளிருக்கு என்னதான் போடறீங்க?"

"மார்க்கெட்ல ஸ்வெட்டர் வாங்கிக்குவோம். சொந்தக் காசுல."

"நான் அனுப்பின கோட்டு?"

"ஜன்னல் சந்துல அடைச்சு வெச்சிருக்கோம். பொட்டுக் காத்து வராது மாமா. அந்த வேலைக்கு அதை அடிச்சுக்க ஆளே இல்லை. பெரிய ஆபீசர் யாராவது வந்தா மட்டும் உருவி எடுத்து மேல போட்டுக்குவோம்."

மனைவி தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பை முடித்துவிட்டுத் திரும்பினாள். "கல்யாணமானதுலேர்ந்து சொல்றேன், எங்க கிடங்குக்குள்ள ஒரு தடவை வந்து உக்காந்து பாருங்கன்னு. ஐயாவுக்கு மீன் நாத்தம் ஆகாது."

"நாத்தத்துக்காகன்னு இல்லை. அது அங்கீகாரம் இல்லாத குளிர்" என்றார் வேர்வையார், கம்பீரம் குறையாமல்.

"ஓஹோ! மலையில அடிக்குதே குளிரு, அது உங்க ஆபீஸ்ல முத்திரை வாங்கிட்டுத்தான் அடிக்குதா?"

வேர்வையார் எழுந்து, மச்சினன் மடியிலிருந்த கோட்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில், தெருவே மூக்கின்மேல் விரல் வைத்துப் பார்க்க, வேர்வையார் புதுக் கோட்டின் எல்லாப் பட்டன்களையும் போட்டுக்கொண்டு மீன் கிடங்குக்கு நடந்தார். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் மச்சினன். சைக்கிள் கடைக்காரர் ஓடிவந்து, "என்னம்மா, சாருக்கு ஜுரமா?" என்று விசாரித்தார். "இல்லைங்க, கௌரவம்" என்றாள் மனைவி.

வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கோட்டு தன் திறமையை முழுதாகக் காட்டியிருந்தது. மச்சினன் காலருக்குள் கைவிட்டுப் பார்த்து, "முதல் வகுப்பு மாமா. மாநிலத்துலயே முதல்" என்றான்.

மனைவி கதவைத் திறந்தாள். கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியைக் காட்டினாள். வேர்வையார் உட்கார்ந்தார். முதலில் சுகமாகவே இருந்தது. இத்தனை காலம் வெந்த உடம்பு அல்லவா? "இதுக்குப் போயா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நான் இங்கேயே குடித்தனம் பண்ணிடுவேன்" என்று, பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்திருந்த மச்சினனிடம் சொன்னார். அவன் மார்க்கெட் ஸ்வெட்டருக்குள் அமைதியாகப் புன்னகைத்தான்.

பிறகு வேர்வை குளிர்ந்தது. முதுகில் யாரோ ஈரத்துணியை விரித்ததுபோல் இருந்தது. அந்தத் துணி மெல்ல மெல்லத் தகடாயிற்று. பிளாஸ்டிக் விறைத்துக்கொண்டு, அசையும்போதெல்லாம் அப்பளம்போல் நொறுங்கிச் சத்தமிட்டது. பற்கள் அவரைக் கேளாமலே தட்டச்சு செய்யத் தொடங்கின. விரலை மடக்கிப் பார்த்தார். மடங்குவதற்குக் கொஞ்சம் யோசித்தது. எதிரே அடுக்கியிருந்த மீன்கள் எல்லாம் ஒரே கண்ணால் அவரைப் பார்த்தன. அவற்றுக்கும் யாரோ முதல் வகுப்பு கொடுத்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

"ப... ப... ப..." என்றார்.

"பாஸா மாமா?" மச்சினன் குனிந்து கேட்டான்.

வேர்வையாரின் தலை இடவலமாக ஆடியது. குளிரில் ஆடியதா, தானாக ஆட்டினாரா என்பதை மச்சினன் விசாரிக்கவில்லை. கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தான். மனைவி கோட்டை உரித்தெடுத்துவிட்டுத் தன் ஸ்வெட்டரை அவர்மேல் சுற்றினாள். டீக் குவளையை இரண்டு கையாலும் பிடித்து, குழந்தைபோல் கன்னத்தோடு அணைத்துக்கொண்டார். கல்யாணமான நாள்முதல் அவரை அப்படி அவள் பார்த்ததில்லை. கொஞ்சம் ரசித்தாள் என்றும் சொல்ல வேண்டும்.

கடைசியில் கேட்டார்: "காவல்ல நிக்கும்போது எவ்வளவு நேரம் மாப்ளே இப்படி?"

"அடுத்தவன் வந்து மாத்தற வரைக்கும்."

"அவன் எப்ப வருவான்?"

"அவனுக்கும் குளிருமில்ல மாமா? கொஞ்சம் லேட்டாத்தான் வருவான்."

திங்கட்கிழமை காலை வேர்வையார் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது மேடை ரெடி. வரிசையாக நாற்காலிகள், ஒலிபெருக்கி, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். ஆனால் லாரிகளைக் காணோம். நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாதென்று தலைவர் விழாவுக்கு முன்பே வண்டிகளை வழியனுப்பியிருந்தார்.

"வாங்க வாங்க, சாதனையாளரே! உங்களுக்காகத்தான் மைக்கே காத்திருக்கு!"

"சார், லாரியைத் திருப்பணும்."

"எதுக்கு?"

"கோட்டு பெயில்."

தலைவர் மைக்கைக் கையால் மூடினார். "யார் பெயில் பண்ணது?"

"நான்தான்."

"பாஸ் பண்ணது?"

"அதுவும் நான்தான் சார்."

"ரெண்டு பேர்ல ஒருத்தர் தப்பாச்சே!"

"பாஸ் பண்ணவர்தான்."

தலைவர் சான்றிதழைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஏன்யா, கண்ணாடியெல்லாம் போட்டாச்சு. நடுவுல உங்க பேரைப் பொடி எழுத்துல இல்லை, கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ஒரு சரக்குகூடத் திரும்பாதவர்னு நான் இப்ப பேசணும். இதை விட்டா உங்களுக்கு வேறென்ன இருக்கு?"

அது உண்மை என்பதால் வேர்வையார் கொட்டை எழுத்தில் இருந்த தன் பெயரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அங்க ஒருத்தனுக்கு விரல் போயிருக்கு சார்."

தலைவர் கெட்டவர் அல்ல. மைக்குக்கு முன்னால் நிற்பவர், அவ்வளவுதான். மைக்கை மூடிய கை மெல்ல விலகி, மறுபடி மூடிக்கொண்டது. "அனுப்பறதுக்கு வேற ஏதுய்யா? பனி விழப்போகுது."

"பின்னாடி மந்த வகை அடுக்கியிருக்கே."

"அதைப் போட்டா உங்க காலர்லயே மத்தியானம் வரைக்கும் ஈரம் தட்டலையேய்யா!"

"அதான் சார் வேணும்."

வேர்வையார் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட்டை நோக்கி ஓடினார். ஓடுகிற உடம்பல்ல அது. ஆனால் வேர்க்கப் பழகிய உடம்பு என்பதால் சமாளித்தது. சாலை திரும்புகிற டீக்கடையில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. டிரைவர்களுக்கு மச்சினன் மூன்றாவது சுற்று டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, இவ்வளவு லேட்டு? இன்னொரு டீ குடிச்சா இவங்க லாரியோட மிதப்பாங்க."

வண்டிகள் திரும்பின. கேட்டில் வாட்ச்மேன் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். அவர் முகத்தில் கலவரம்.

"சார், இந்தக் கேட்ல சரக்கு வெளிய போய்த்தான் பார்த்திருக்கேன். திரும்பி வந்தா என்ன பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலையே! யார் பாஸ் பண்ண சரக்கு சார் இது?"

உள்ளே ஒலிபெருக்கியில் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். வேர்வையார் கேட்டின் மற்றொரு கதவையும் தானே தள்ளி அகலத் திறந்துவிட்டார்.

"நான் பாஸ் பண்ணதுதான்" என்றார். "உள்ள விடுங்க."