சத்தம் போடாத படகில் எங்கள் அக்கா

எங்கள் அக்காவுக்குப் பயத்தைக் கொடுக்கக் கடவுள் மறந்துவிட்டார். பொறுமையையும்தான். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தைந்து வருடம் டீசல் படகில் மாமா சுக்கான் பிடிக்க, இவள் கயிறு பிடித்தாள். அதனால் துறைமுகத்தில் எல்லோருக்கும் இவள் 'கயிறு அக்கா'. நான் தங்கைக்காரி; படகுத்துறையில் ஐஸ் உடைக்கும் மெஷின் ஓட்டுகிறேன். நடந்ததைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தவள். கதை விடுகிறேன் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

டீசல் இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அதனால்தான் எங்கள் ஆட்கள் சாப்பிடக் கூப்பிட்டாலும் அடிக்க வருகிற மாதிரி இருக்கும். படகு துறையை ஒட்டியதும் மாமா இன்ஜினை நிறுத்துவார். சத்தம் நின்ற அந்த நொடியே அக்கா கயிற்றோடு கரைக்குத் தாவுவாள். அவர் சொல்லவும் மாட்டார், இவள் கேட்கவும் மாட்டாள்.

அப்புறம் கடல் சூடாகிவிட்டது. மீனெல்லாம் குளிர்ச்சி தேடி ஆழத்துக்குப் போக, வலையில் ஜெல்லிமீன்தான் ஏறியது. மாமா படகை விற்றுவிட்டு, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய ஒரு நகரத்தில், அடுக்குமாடி வீடுகளுக்கு வாட்ச்மேன் ஆனார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். இரண்டு வருடமாக, திட்டுவதற்கு அவர் இல்லாமல் அக்கா என்னைத் திட்டித் தீர்த்தாள்.

இந்த நேரத்தில்தான் கடலுக்குள் காற்றாலை நட ஆரம்பித்தார்கள். வேலையாட்களை ஏற்றிப்போக எங்கள் மீனவர் சங்கத்துக்கு மூன்று பாட்டரி படகுகள் வந்தன. லைசன்ஸ் எடுப்பவருக்குப் படகு. துணையாளை அவரே வைத்துக்கொள்ளலாம். அக்கா அன்றைக்கே பேர் கொடுத்துவிட்டாள்.

"உனக்கெதுக்குக்கா? மாமாவப் போகச் சொல்லேன்," என்றேன்.

"உங்க மாமாவுக்குப் பரீட்சைன்னாலே வயித்தக் கலக்கும். நான் ஓட்டுறேன், அவர் கயிறு புடிக்கட்டும். மனுஷன் வீடு வந்து சேந்தாப் போதும்டி எனக்கு."

இருப்பது இரண்டே வாய்ப்பு. முதல் பரீட்சையில் இவள் போன வேகத்துக்கு மிதவை உடைந்தது. இரண்டாவதும் போனால் மாமா அந்த கேட்டிலேயே கிடக்கவேண்டியதுதான்.

இரண்டாவது பரீட்சை அன்று காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். புதிதாக வேலைக்கு வந்தவர். படகைக் காகிதத்தில் மட்டும் ஓட்டிப் பழகியவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரை ஏற்றிக்கொண்டு அக்கா ஓட்டினாள் பாருங்கள், எனக்கு வாயெல்லாம் பல். திருப்பம், பின்வாங்கல், எல்லாம் கச்சிதம். கடைசியாகத் துறையில் படகைக் கட்டவேண்டும். வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஒட்டினாள். பாட்டரி படகுதானே? வேகம் குறைந்ததும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சத்தம் இல்லையென்றால் அக்காவின் காலுக்கு ஒன்றுதான் தெரியும். கயிற்றைப் பிடித்துத் தாவிவிட்டாள்!

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கயிறு கையைவிட்டு உருவிக்கொண்டு போக, படகு அதிகாரியோடு கிளம்பிவிட்டது.

"சார், சிவப்பு பட்டன்! சிவப்பு பட்டன அமுக்குங்க!" என்று அக்கா கத்தினாள்.

பதற்றத்தில் அவர் ஹாரனை அமுக்கினார். திரும்பியிருந்த சுக்கானோடு படகு செக்குமாடு மாதிரி துறைமுகத்துக்குள்ளேயே வட்டமடித்தது. துறைமுகமே திரண்டு ஆளுக்கொரு யோசனை சொன்னது. ஒருத்தர் குதிங்க என்றார், ஒருத்தர் குதிக்காதீங்க என்றார். அதிகாரி இரண்டுக்கும் ஹாரனையே அடித்தார். ஐயோ, சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பறந்துவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டு ஓடினேன்.

அதற்குள் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அடுத்த சுற்றில் படகு துறையை உரசிக்கொண்டு வந்ததும் ஒரே தாவல். மோட்டாரை அணைத்தாள், படகைக் கட்டினாள், அதிகாரியைக் கைபிடித்து இறக்கிவிட்டாள்.

"தப்பு என்னோடதுதான் சார். சத்தம் நின்னா குதிச்சே பழகிட்டேன். எதையும் மறைக்காம எழுதிக்கோங்க," என்றாள். அவள் குரல் இறங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதிகாரி தண்ணீர் குடித்தார். விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "கரையில படகு கட்டுறதுக்கு ரெண்டு தடவை முயற்சி பண்ணலாம்னு இதுல போட்டிருக்கும்மா. ஒண்ணு முடிஞ்சுது. இன்னொரு தடவை கட்டிக் காட்டுங்க. நான் கரையிலயே நின்னு பாக்கிறேன்."

தனியாகப் போய்த் திரும்பி வந்தாள். பட்டனை அமுக்கினாள், சாவியை உருவி இடுப்பில் செருகினாள், படகைத் தள்ளும் சுழலி நின்றுவிட்டதா என்று பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு இன்னொருமுறை பார்த்தாள்.

"போதும்க்கா, எறங்கித் தொலை!" என்று கத்தினேன். இறங்கினாள், கட்டினாள். அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டார். நாங்கள் போட்ட கூச்சலில் ஐஸ் வாங்க வந்தவர் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்.

அக்கா உடனே மாமாவுக்குப் போன் போட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கே தெரியவில்லை.

"இந்தாங்க, எனக்குக் கயிறு புடிக்க ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?"

மாமா நாற்காலியைத் தள்ளி எழுந்த சத்தம் போனில் கேட்டது. பிறகு, "கேட் சாவிய யார்கிட்டக் குடுக்கணும்னு கேட்டுட்டு வர்றேன், வைக்காத," என்றார்.

அக்கா வைக்கவில்லை. அவர் சாவியைக் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கட்டி, பஸ் ஏறி உட்காரும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, எங்கே இருக்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.